பெயர் ஏற்றிய பிக்கப்

ஊஞ்சக்காட்டுப்புதூரில் சென்னியப்பன் பிக்கப் வண்டி வாங்கியபோது ஊரே சேர்ந்துதான் வாங்கியது, அதாவது தவணை கட்டுகிற வேலையை மட்டும் அவனிடம் விட்டுவிட்டு மற்ற எல்லாப் பொறுப்பையும் ஊர் எடுத்துக்கொண்டது. வெள்ளை நிறம் சீக்கிரம் அழுக்காகும் என்று ஒருவர் சொன்னார், வெள்ளையைத் தவிர வேறு நிறம் வாங்குகிறவன் மடையன் என்று இன்னொருவர் சொன்னார், ஒருவர் நாள் பார்த்தார், ஒருவர் அந்த நாள் சரியில்லை என்று பார்த்தார், நாலைந்து பேர் கூடவே ஷோரூம் வரைக்கும் வந்து அங்கே கொடுத்த காபியைக் குடித்து நன்றாயிருக்கிறது என்று சான்று கொடுத்தார்கள். ஆக, வண்டி முதல் லோடு ஏற்றுவதற்கு முன்பே பெயிண்டர் வீட்டு வாசலில் போய் நின்றது, உதவி செய்தவர்கள் பெயரையெல்லாம் எழுத வேண்டாமா? கோவிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தாலே வெளிச்சம் வெளியே வராதபடிக்கு உபயம் என்று அதன் மேல் பெயர் எழுதிக்கொள்கிற ஊர் எங்கள் ஊர்.

முன்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர், அதற்குக் கீழே, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்த ஒரே காரியத்துக்காகப் பெரிய மாமா மாரண்ணனின் பெயர் 'ஆசி' என்ற சொல்லோடு, இரண்டு பக்கப் பலகையிலும் பங்காளிகள் வயது வரிசைப்படி, சைலன்சருக்குப் பக்கத்தில் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு சித்தப்பா. பின்பக்கப் பலகை முழுவதையும் சென்னியப்பனின் மச்சான் எடுத்துக்கொண்டார். 'கே. திருமலைசாமி உபயம்' என்று முழங்கை உயரத்துக்கு எழுத்து. அவர் கொடுத்தது பைனான்ஸ் கம்பெனிக் காகிதத்தில் ஒரு ஜாமீன் கையெழுத்து, அந்தக் கையெழுத்தை அவர் ஒரு தடவைதான் போட்டார், ஆனால் போட்டதைப் பற்றிச் சொல்வதை இன்னும் முடிக்கவில்லை. கடைசியில் டிரைவர் கதவில் விரல் அகலத்துக்கு மிச்சமிருந்த இடத்தில் 'உரிமை: சென்னியப்பன்' என்று எழுதிவிட்டு, "வீட்டுக்காரம்மா பேருங்க?" என்று பெயிண்டர் கேட்டான்.

"எடமில்லைப்பா," என்றான் சென்னியப்பன். "வீட்டுலயே இருக்கறவதானே, எழுதித்தான் தெரியோணுமா?"

வீட்டிலேயே இருக்கிற சம்பூரணம் அந்த நேரத்தில் வாழைத்தோப்பில் இருந்தாள். விடியும் முன்பே இலை அறுப்பதும், கட்டுவதும், கட்டியதைத் தலையில் வைத்து வாய்க்கால் மேட்டிலேறி மெயின்ரோட்டு பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய்ப் போடுவதும் அவள்தான், வருஷக்கணக்காக அப்படிச் சுமந்ததில் அவள் கழுத்து இடது பக்கம் திரும்பாமலே போய்விட்டது, யாராவது இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவாள். பிக்கப் வீட்டுக்கு வந்த அன்று அவள் செய்த ஒரே சடங்கு, தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியைச் சுருட்டிப் பரண் மேலே வீசியது. அதற்குப் பிறகு பரண் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

வண்டி ஓடியது, ஆனால் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்தான் ஓடியது. ஏற்றுவது கருங்கல் என்றால் சரி, இரும்பு என்றாலும் சரி, இது வாழை இலை, கோயமுத்தூர் ஓட்டல்களில் சாம்பார் ஊற்றி மடித்துப் போடுகிற இலை, அதை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி செங்கல் லாரி மாதிரி மூச்சு வாங்கியது. ஊர் உடனே கூடிவிட்டது. டயரில் காற்றை ஏற்று என்றார்கள், இறக்கு என்றார்கள், ஏர் ஃபில்டரை மாற்று, ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வை, இறக்கத்தில் நியூட்ரலில் விடு, ஏற்றத்தில் சாமியை நினை என்றார்கள், கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஒரு படி மேலே போய் ஏசியை ஆஃப் பண்ணி ஓட்டச் சொன்னார், வண்டியில் ஏசியே கிடையாது. சென்னியப்பன் எல்லாவற்றையும் செய்தான், இல்லாத ஏசியைக்கூட மனதுக்குள் ஆஃப் செய்தான். எட்டு எட்டாகவே நின்றது, இலையில் வந்ததை டீசல் தின்றது.

திருமலைசாமி மட்டும் பதறவே இல்லை. "ஒரு தவணை தவறினாலும் என்றகிட்டச் சொல்லு மாப்ள," என்று பாசமாகச் சொன்னார். "சாவிய வாங்கிக்கறேன். உனக்கெதுக்குப் பாரம்?"

சம்பூரணம் தன் சொந்த அண்ணனை உடம்போடு திரும்பிப் பார்த்தாள். பாரம் எங்கே திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆயுத பூஜைக்கு வண்டி கழுவும்போதுதான் அது நடந்தது. தேங்காய் நாரில் சோப்பைப் போட்டு அவள் கண்ணாடியைத் தேய்த்த தேய்ப்பில் பெரிய மாமா மாரண்ணன் ஆசியோடு சேர்ந்து கரைந்து வாய்க்காலில் போய்விட்டார், வண்டியின் மூக்கு ஒரு விரற்கடை மேலே எழும்பி நின்றது, அடுத்த நாள் லிட்டருக்கு எட்டு ஓடிய வண்டி ஒன்பதரை ஓடியது. மெக்கானிக் சாதிக்கிடம் கேட்டதற்கு, ஏர் ஃபில்டர் இப்போதுதான் செட் ஆகியிருக்கிறது என்றார். கொப்பரைக் களத்து எடைமேடையில் உட்கார்ந்திருக்கும் ரத்தினத்திடம் கேட்டதற்கு அவர் வாயிலிருந்த பீடியைக்கூட எடுக்காமல் சொன்னார்: "பேருன்னா எடை இருக்கத்தானுங்க செய்யும். கொண்டாந்து நிறுத்துங்க, எழுதி அழிச்சுப் பாத்தரலாம்."

எடைமேடை மேலேயே வைத்துப் பெயிண்டர் மாமாவை மறுபடி எழுதினான், முள் ஏறியது. துடைத்தான், இறங்கியது. மாரண்ணன் மாமாவின் பெயர் சரியாக ஒரு மூட்டை நெல். குலதெய்வத்தையும் ஒரு மரியாதைக்குத் துடைத்து எழுதிப் பார்த்தார்கள், முள் அசையவே இல்லை, அம்மன் இத்தனை நாளும் யாருக்கும் சுமையில்லாமல் கண்ணாடியில் சும்மா இருந்திருக்கிறாள்.

வேறு ஊராக இருந்தால் இதைக் கேட்டு வெட்கப்பட்டிருப்பார்கள். நெல்லு மூட்டை கனத்துக்கு ஒருவன் வண்டியில் உட்கார்ந்து அவன் டீசலைக் குடித்திருக்கிறோமே என்று மாமா தலையைக் குனிந்திருப்பார், அழித்தது அழித்ததாகவே இருக்கட்டும் என்றிருப்பார், மற்றவர்களும் ஆளுக்கொரு நாரை எடுத்துக்கொண்டு வந்து தங்கள் பெயரைத் தாங்களே தேய்த்துவிட்டுப் போயிருப்பார்கள், வண்டி பிழைத்திருக்கும், கதையும் இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மாரண்ணன் மாமா மீசையை நீவிக்கொண்டு டீக்கடைக்குப் போனார், போய், "ஒரு மூட்டைங்கறான்! இந்த ஊருல ஒரு மூட்டைக்குப் பேரு இருக்கறவன் எவனாச்சும் இருந்தா வரச் சொல்லு" என்றார். அவ்வளவுதான், மறுநாள் எடைமேடைக்கு வரிசை நின்றது.

நாங்கள் எல்லோரும் நின்றோம். பெயிண்டர் எழுத, ரத்தினம் எடை சொல்ல, கூட்டம் கைதட்ட, திருவிழாவே தோற்றது. தலைச்சுமை வியாபாரி பெயர் ஒரு வாழைத்தார், ரேஷன் கடைக்காரர் பெயர் சிமெண்ட் மூட்டை, அதுவும் அளவு குறையாமல். கணவனை இழந்த ராசம்மா அக்கா தன் வீட்டுக்காரர் பெயரை எழுதிப் பார்க்கச் சொன்னாள், செத்துப் பல வருஷமான மனிதர் இரண்டு மூட்டைக்கு மேல் இருந்தார், அக்கா ஆச்சரியப்படவில்லை, "உசுரோட இருக்கறப்பவும் இப்புடித்தானுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையை உதறிக்கொண்டு போனாள். கூட்டுறவுச் சங்கத் தலைவரின் பெயருக்கு முள் அசையவே இல்லை. பெயிண்ட் மட்டம் என்று அவர் சொந்தச் செலவில் எனாமல் வாங்கி வந்தார், பட்டத்தையும் பதவியையும் சேர்த்து எழுதச் சொன்னார், அப்படி எழுதியதும் முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது என்று ரத்தினம் சொல்கிறார். என் பெயரையும் எழுதினார்கள். எவ்வளவு என்று கேட்காதீர்கள், அன்றைக்குக் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது.

திருமலைசாமி பெயர் மூன்று மூட்டைக்குக் குறையவில்லை. அந்த வருஷம் கோவிலில் முதல் மரியாதை கொடுத்துப் பரிவட்டமும் அவருக்குத்தான் கட்டினார்கள். தரகர் ஜாதகக்கட்டுக்குள் மாப்பிள்ளையின் பெயர் எடையையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார், அரை மூட்டைகூடத் தேறாத பையன்களுக்குப் பெண் கிடைக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா தன் பெயர் கனத்ததைக் கேட்டு சந்தோஷப்பட்டு, பேசாமலேயே, இன்னும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி ஆள் விட்டார்.

இதில் வண்டி சென்னியப்பனுடையது என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். எடை போட்ட பெயரை எவனும் அழிக்க விடவில்லை, அழித்தால் எடை போய்விடுமே. இடுக்கில், மட்கார்டில், டீசல் டாங்க் மூடியில்கூட ஆட்கள் ஏறிக்கொண்டார்கள். சென்னியப்பன் ஒவ்வொருவரிடமும் பல்லைக் காட்டி, சரிங்க மாமா, சரிங்க பங்காளி என்றான், சொந்தத்தை எப்படி எறங்குன்னு சொல்றது என்று சம்பூரணத்திடம் கேட்டான். ஒன்பதரை ஓடிய வண்டி ஐந்துக்கு வந்து நின்றது. மைலேஜை எப்படிக் கூட்டுவது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து அதைக் குறைப்பதற்கு இவ்வளவு பாடுபட்ட ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அன்னூர் தாண்டி ஒரு மேட்டில், முழு லோடு தலைவாழை இலையோடு, வண்டி ஒரு நாள் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. முதல் கியரில் போட்டும் பின்னால்தான் வந்தது. பின்பலகையில் எழுதியிருந்த திருமலைசாமி இழுத்தார், பக்கத்துக்கு ஒருவராகப் பங்காளிகள் இழுத்தார்கள், வெயில் ஏறி இலை வதங்கியது, இலைக்குக் காத்திருந்த கல்யாண மண்டபத்தில் பந்தி பிளாஸ்டிக் தாளில் நடந்து முடிந்தது, இனி இலை வேண்டாம் என்று ஓட்டல்காரர் போனிலேயே சொல்லிவிட்டார். சென்னியப்பன் நேராக மச்சான் வீட்டுக்குப் போனான்.

"மச்சான், உங்க ஒரு பேர மட்டும் அழிச்சுக்கறனுங்க. தவணையைக் கட்டீட்டு மறுபடி எழுதிக்கலாம்."

"பேர அழிச்சீன்னா கையெழுத்தையும் நான் வாபஸ் வாங்கிக்குவேன் மாப்ள," என்றார் திருமலைசாமி. பரிவட்டத்தை அவர் இன்னும் சுவரில் மாட்டித்தான் வைத்திருந்தார். "அப்பறம் பைனான்ஸ்காரன் வந்து வண்டிய எடுப்பான். அவன் எடுக்கறதுக்கு நானே எடுத்துக்கறனே. சாவிய நாளைக்குக் கொண்டாந்து குடு."

வீட்டுக்கு வந்தபோது சம்பூரணம் பரணிலிருந்து சும்மாட்டுத் துணியை இறக்கியிருந்தாள். தூசியைத் தட்டி, பழைய மடிப்பிலேயே மடித்து, தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு மொத பஸ்ஸுக்கு ரெண்டு கட்டு போட்டரலாமுங்க," என்றாள். "கழுத்துக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய் தேய்ச்சு உடுங்க." ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு இவளை நடக்க விட்டுவிட்டோமே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, உறைத்து என்ன செய்ய, சாவியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் அவன் வாய் சொன்னது.

"குடுங்க," என்றாள் அவள். "அதுக்கு முன்னால ஒருக்காக் கழுவிக் குடுக்கோணுமல்ல? எங்கண்ணனுக்கு அழுக்கு வண்டி ஆகாது."

காலையில் வண்டியைக் கொப்பரைக் களத்துக்கே ஓட்டிக்கொண்டு போகச் சொன்னாள். எடைமேடை மேல் ஏற்றி நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீர், ஒரு கேன் தின்னர், ஒரு பந்து தேங்காய் நார், முதல் தேய்ப்பிலேயே மட்கார்டுக்காரர்கள் போனார்கள். செய்தி பரவி ஊர் ஓடி வருவதற்குள் பங்காளிகளில் பாதிப் பேர் தரையில் நீலமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். தன் கண்ணெதிரே கரைந்த மாரண்ணன் மாமா தலை சுற்றுகிறது என்று கொப்பரைச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். சங்கத் தலைவர் பெயரை அழித்தபோது எதுவும் ஆகவில்லை, ஆனாலும் அவர் அய்யோ என்றார். ராசம்மா அக்கா மட்டும் வாளியில் தண்ணீர் தீரத் தீரக் கொண்டுவந்து ஊற்றினாள். பின்பலகைக்கு வந்தபோது திருமலைசாமி மூச்சிரைக்க வந்து குறுக்கே நின்றார்.

"என்ற பேர்ல கைய வெச்சே, கையெழுத்த இன்னிக்கே வாபஸ் வாங்கீருவேன் சம்பூர்ணம்!"

"வாங்குண்ணா," என்றாள் அவள் நாரைப் பிழிந்துகொண்டே. "இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லு, வேட்டில தெறிக்கும்."

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு பைனான்ஸ் ஆபீசுக்குப் பறந்தார். அவர் பெயர் கடைசி எழுத்துவரை போனதும் வண்டி முனகிக்கொண்டு பின்பக்கம் எழும்பியது, கூட்டம் எடைமேடை ஜன்னலில் தொற்றிக்கொண்டது.

ரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஆர்.சி. புக்குல போட்டிருக்கற எடைக்கு இன்னும் நாலு மூட்டை கூடக் காட்டுதுங்க."

மச்சானையே மிஞ்சுகிற எடை. ஊருக்கு உற்சாகம் திரும்ப வந்துவிட்டது, பார்த்தாயா, எங்கள் மேல் குற்றமே இல்லை என்று எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினோம். ஜாக்கியை இறக்கினார்கள், தார்ப்பாயை இறக்கினார்கள், சீட்டுக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். சம்பூரணம் எதையும் தேடவில்லை, டிரைவர் கதவுக்குப் போய் நின்றாள். விரல் அகலத்தில், 'உரிமை: சென்னியப்பன்.'

"அம்மிணி, அது பொடி எழுத்து," என்றான் அவன். ஊர்ப் பெயரையெல்லாம் தேய்க்கும்போது வாளி தூக்கிக் கொடுத்தவன் இப்போது வாளியைக் கீழே வைத்துவிட்டான். "அதுல என்ன எடை இருக்கப்போகுது? அதில்லாமயும் ஒரு வண்டி இருக்குமா?"

அவள் தானே தேய்க்கவில்லை. நாரை அவன் கையில் வைத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவன் ஊரைப் பார்த்தான், ஊர் கொப்பரையைப் பார்த்தது. எடமில்லைப்பா என்று இதே கதவுக்குப் பக்கத்தில் நின்று சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது, அப்படி ஒரு வெட்கம் அவனுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை, மாப்பிள்ளைக் கோலத்தில் வேட்டி அவிழ்ந்தபோதுகூட வந்ததில்லை. தேய்த்தான். முதலில் ஓரத்தை மட்டும் தேய்த்தான், முள் கொஞ்சம் இறங்கியது, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் தேய்த்தான். முள் சறுக்கிக்கொண்டு வந்து ஆர்.சி. எடையில் நின்றது, பிக்கப் ஸ்பிரிங் பட்டையெல்லாம் கிறீச்சிட ஒரு ஜாண் எழும்பியது, டயர் தரையில் இருக்கிறதா என்று ரத்தினம் வெளியே வந்து குனிந்து பார்த்தார். இருந்தது.

சாயங்காலம் திருமலைசாமி திரும்பி வந்தார். ஜாமீன் போட்டவர் விலகுவதாக இருந்தால் மீதித் தவணை முழுவதையும் அவரே கட்டிவிட்டு விலகலாம் என்று ஆபீசில் மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இத்தனை நாளும் அவர் மிரட்டியது வெறும் வாய்தான், எங்களில் ஒருவர்கூட அதைப் போய் விசாரித்ததில்லை. பெயருக்கு எடை உண்டு என்றால் உடனே நம்புகிற ஊர் காகிதத்தை மட்டும் படித்துப் பார்க்காது. காபி கொடுத்தார்களா என்று கேட்டோம், கொடுத்தார்கள் என்றார், எப்படி இருந்தது என்பதை அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வண்டி லிட்டருக்கு இருபதைத் தாண்டித்தான் ஓடுகிறது, இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காவிட்டால் பறந்துவிடும்போல் இருக்கிறது என்கிறான் சென்னியப்பன். ஓட்டல்காரர் மறுபடி இலை கேட்டார். மெக்கானிக் சாதிக் இன்றைக்கும் அது ஏர் ஃபில்டரால்தான் என்கிறார்.

அடுத்த தவணையைத் தவறாமல் கட்டிவிட்டு வந்த நாளில் சென்னியப்பன் பெயிண்டரையும் கையோடு கூட்டி வந்தான். "உன்ற பேர எழுதச் சொல்லட்டுமா அம்மிணி? கண்ணாடி பூராவும். எடை ஏறினாலும் ஏறட்டும்."

சம்பூரணம் கட்டு கட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் சிரித்தாள். "எம்பேரு மட்டும்தானுங்க அதுல இல்லாம இருந்துச்சு. அதனாலதான் எட்டாச்சும் ஓடுச்சு," என்றாள். பிறகு எழுந்துவந்து, சும்மாட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்து, அவன் பெயர் இருந்த இடத்தில் ஒட்டியிருந்த மிச்ச நீலத்தைத் துடைத்துவிட்டு, துணியைச் சைடு கண்ணாடியிலேயே காயப் போட்டாள். அது இப்போது வண்டி துடைக்கிற துணி.

மனுஷர் பெயர் எதுவுமே எழுதாத வண்டி சத்தி ரோட்டில் அது ஒன்றுதான். யாருடையது என்று செக்போஸ்டில் கேட்கிறார்கள், மண்டியில் கேட்கிறார்கள், எங்களுக்கும் ஏதாவது சொல்லி அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது, அதனால் ஊர் வாயில் அது 'சம்பூரணத்து வண்டி' ஆகிவிட்டது. வாயால் சொல்கிற பெயருக்கு எடை இல்லை என்பதை ரத்தினம் எடைமேடை மேலேயே நிறுத்தி, எங்கள் எல்லோரையும் ஒன்றாகக் கத்தச் சொல்லி நிரூபித்தார். திருமலைசாமியும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, பெயருக்கு எடை இல்லைதான், ஆனால் அதைச் சொல்லும்போது அவர் மட்டும் பக்கத்திலிருப்பதைப் பிடித்துக்கொள்கிறார்.